பேசி எடுத்த விமானம்: விடுமுறை வாடகை விமானச் சேவையும் சென்னையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னை கே.கே. நகரின் உள் தெருக்களில் விடியுமுன்னே வேன்கள் வந்து நிற்கத் தொடங்கும். சபரிமலைக்குக் குழுவை அழைத்துப் போகும் குருசாமியின் கையில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கும். வரிக்கு ஒரு பெயர். பக்கத்தில் இருக்கை எண், கொடுத்த முன்பணம், பாக்கி. வண்டி நிறைந்தால் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கடைசி நேரத்தில் இரண்டு சாமிகள் விலகினால் அந்தப் பணம் மற்றவர்கள் தலையில் ஏறும். இதை நாம் ‘வண்டி பேசுவது’ என்கிறோம். டிக்கெட் எடுப்பது வேறு, வண்டி பேசுவது வேறு. டிக்கெட் எடுத்தவர் ஓர் இருக்கைக்கு மட்டும் பொறுப்பு. வண்டி பேசியவர் எல்லா இருக்கைக்கும், காலி இருக்கைக்கும் சேர்த்து, பொறுப்பு.

சார்ட்டர் விமானம் என்பது வானத்தில் வண்டி பேசுவதுதான். சுற்றுலா நிறுவனம் முழு விமானத்தையும் பேசி எடுக்கும். தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும். ஐரோப்பாவில் பெருந்தொழிலாக வளர்ந்த இம்முறை சென்னையில் ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வசதியுள்ள பயணிகள் இங்கே குறைவு என்பது வழக்கமான விடை. அது போதாது என்று கருதுகிறேன். அரசு விமான நிறுவனங்களின் தனியுரிமைச் சுவரில் எங்கே இடுக்கு இருந்ததோ, அதன் வழியாகவே இத்தொழில் எங்கும் நுழைந்திருக்கிறது. அந்த விமானத்தில் யார் ஏறலாம் என்று அரசு வகுத்த விதியே தொழிலின் உருவத்தைத் தீர்மானித்தது.

பிரிட்டனில் இதன் தொடக்கம் 1950. ருஷ்யாவில் பிறந்து லண்டனில் பத்திரிகை வேலை பார்த்த விளாடிமிர் ரைட்ஸ், ‘ஹொரைசன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கோர்சிகா தீவின் கால்வி ஊருக்கு ஒரு டகோட்டா விமானத்தைப் பேசி எடுத்தார். இரண்டு வாரத்துக்கு, கூடாரத் தங்கலும் சாப்பாடும் சேர்த்து, 32 பவுன் 10 ஷில்லிங். அப்போது பிரிட்டனில் இறைச்சி இன்னும் ரேஷனில்தான் கிடைத்தது. கால்வியில் நாளுக்கு இருவேளை இறைச்சி பரிமாறுவதாக வாக்களிக்கப்பட்டது. ஆனால் எல்லோரையும் ஏற்ற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அரசு நிறுவனமான பி.இ.ஏ.வின் வருமானம் குறையக் கூடாது என்பதற்காக, மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் ஏற்றலாம் என்றார்கள். வெகுமக்கள் விடுமுறைப் பயணத்தின் முதல் விமானம் இப்படியொரு விதிவிலக்கில்தான் கிளம்பியது.

ஜெர்மனியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். பின்னாளில் காண்டோர் என்று பெயர் மாறிய நிறுவனம் தன் முதல் பயணத்தை 1956 மார்ச்சில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நடத்தியது. அதில் போனவர்கள் புனித பூமிக்குச் சென்ற யாத்திரிகர்கள். கடற்கரை வெயில் தேடிப் போனவர்கள் பிறகுதான் வந்தார்கள். ஐரோப்பாவின் பெரிய விடுமுறை விமான நிறுவனங்களில் ஒன்றின் கணக்குப் புத்தகத்திலும் முதல் பக்கம் குருசாமியின் நோட்டைப் போலத்தான் இருந்திருக்கிறது.

இதே காலத்தில் சென்னையிலும் விமானம் இருந்தது, பயணிகளும் இருந்தார்கள். 1932 அக்டோபரில் டாடாவின் அஞ்சல் விமானத்தை ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவர, அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். கொழும்பின் ரத்மலானை நிலையத்தில் 1935 நவம்பரில் முதன்முதலாக இறங்கிய விமானமும் சென்னையிலிருந்து போனதுதான். ஓட்டியவர் சென்னை விமானப் பயிற்சிக் கழகத்தின் டின்டேல் பிஸ்கோ. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரி டகோட்டாக்கள் மலிவாகக் கிடைத்தன. ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் சேவையைத் தொடங்கியபோது, முதல் பயணமே ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வழியாகச் சென்னைக்குத்தான். அந்நிறுவனம் வைத்திருந்த மூன்று டகோட்டாக்களின் பெயர்கள் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி.

டகோட்டாவுக்குச் சிறு சக்கரம் வாலில் இருக்கும். ஆகவே தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்திருக்கும். பின்பக்கக் கதவில் ஏறுபவர், முன்வரிசைக்குப் போக மேட்டுச் சரிவில் ஏறுவதுபோல் நடக்க வேண்டும். பட்டுப்புடவை கட்டிய பெண்கள் இருக்கையின் தோளைப் பிடித்துப் பிடித்துத்தான் நகர முடியும். கிளம்பி ஓடி வால் உயர்ந்த பிறகே தளம் சமமாகும். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீட்டர். மார்கழிக் கச்சேரிக்கும், கல்யாணச் சேலைக்கும், சிதம்பரத்து ஆருத்ரா தரிசனத்துக்கும், புதுப்படத்துக்கும் யாழ்ப்பாணத்தார் இப்பக்கம் வந்துபோன காலம் அது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் ரயில் பிடிக்கும் வழியும் 1964 டிசம்பர்ப் புயல் வரை திறந்திருந்தது. விடுமுறை விமானத்துக்கு வேண்டிய எல்லாம் இங்கே கூடியிருந்தன: குறுகிய கடல், குறிப்பிட்ட பருவம், கூட்டமாகப் போகும் வழக்கம். இந்த ஒரு தடத்திலாவது சார்ட்டர் தொழில் பிறந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பிறக்காததற்கு முதல் காரணம் சட்டம். 1953ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் தனியார் நிறுவனங்களை அரசுடைமையாக்கி, கால அட்டவணைப்படி பறக்கும் உரிமையை இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா என்ற இரு கழகங்களுக்கு மட்டும் கொடுத்தது. ரைட்ஸுக்குக் கிடைத்த ‘மாணவரும் ஆசிரியரும்’ போன்ற சலுகை வாசல் எதுவும் இங்கே விடுமுறைக்கென்று திறக்கவில்லை. ஏர் இந்தியா 1971இல் சார்ட்டர்ஸ் என்ற பெயரிலேயே ஒரு துணை நிறுவனத்தை அமைத்தது. அதே நிறுவனம்தான் 2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு முதலில் பறந்தது. சார்ட்டருக்கென்று பிறந்த நிறுவனம் கடைசியில் வளைகுடாவில் உழைக்கும் மக்களை ஏற்றி இறக்கும் சேவையாயிற்று.

இரண்டாம் காரணம், வெளிநாட்டார் வரும் விமானங்களைத் தடுத்த மழை. 1980களில் காண்டோர் கோவாவின் தபோலிம் நிலையத்துக்கு ஜெர்மானியரை ஏற்றிவந்ததும், இந்தியாவில் விடுமுறைச் சார்ட்டர் நிலைபெற்றது. பிரிட்டிஷ், ருஷ்ய விமானங்கள் பின்தொடர்ந்தன. கேரளத்துக் கோவளத்தை நம்பித் திருவனந்தபுரத்திலும் சில இறங்கின. இத்தொழிலில் பருவத்தின் முதல் விமானம் பயணிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். கடைசி விமானம் காலியாக வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும். அந்த இரு காலிப் பயணத்தின் செலவையும் இடையில் வரும் வாரங்கள் சுமக்க வேண்டும். வாரங்கள் கூடினால் லாபம், குறைந்தால் நட்டம். ஐரோப்பியர் குளிருக்குத் தப்பி வரும் நவம்பரில் கோவாவில் வானம் வெளுத்திருக்கும். சென்னையில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். சென்னையை அடுத்த இன்னொரு கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் விடுதி கட்டியிருந்தும் பருவத்தின் முதல் ஆறேழு வாரங்களை மழை கொண்டுபோய்விடும். இந்தக் கணக்கைப் பேசாமல் சென்னையின் சுற்றுலா ‘பின்தங்கியது’ என்று எழுதுவது நியாயமில்லை.

விதிகளும் சார்ட்டரின் கதவை நமக்குச் சாத்தியே வைத்திருந்தன. சுற்றுலாச் சார்ட்டரில் வருபவர் விடுதியோடு சேர்ந்த மொத்தப் பயணமாகத்தான் வரவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதில் ஏற நெடுங்காலம் இடமில்லை. அந்நியச் செலாவணி கொண்டுவரும் வாசலாகவே அரசு அதைப் பார்த்தது. ஊரார் விடுமுறைக்குப் போகும் வாசலாக அதை நினைக்கவே இல்லை.

1990ஐ ஒட்டி ‘ஏர் டாக்சி’ திட்டம் வந்தபோது ஓர் இடுக்கு திறந்தது. தனியார் பறக்கலாம், ஆனால் தொடக்கத்தில் கால அட்டவணை வெளியிடக் கூடாது. சட்டத்தின் கண்ணில் அவை எல்லாமே பேசி எடுத்த வண்டிகள்! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. நிறுவனம் காற்றாலைத் தொழிலிலிருந்து இதற்குள் வந்தது. ஃபோக்கர் விமானங்களோடு தொடங்கி, பம்பாயின் தமானியா நிறுவனத்தை வாங்கி ஸ்கைலைன் என்.இ.பி.சி. என்று பெயர் மாற்றியது. 1997இல் பறப்பது நின்றது. 1994இல் பழைய சட்டம் நீக்கப்பட்டதும் இந்நிறுவனங்கள் அனைத்தும் வணிகப் பயணியைத் தேடித்தான் ஓடின. யாத்திரைக்காரரையும் பள்ளி விடுமுறைக் குடும்பத்தையும் நம்பி விமானம் வாங்க ஒருவரும் துணியவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

முழு வண்டி பேசுவதில் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பயணி மாதக்கணக்கில் முன்னதாகப் பணம் கட்டிவிடுகிறார். நிறுவனம் இடையில் விழுந்தால் பணமும் போகும், திரும்பும் விமானமும் இராது. 1974 ஆகஸ்டில் பிரிட்டனின் கோர்ட் லைன் விழுந்தபோது ஆயிரக்கணக்கானோர் வெளிநாட்டில் சிக்கினார்கள். அதன் பின்னரே பயணியர் காப்பு நிதி அங்கே உறுதிப்பட்டது. 2019 செப்டம்பர் 23இல் தாமஸ் குக் சுற்றுலாக் குழுமம் வீழ்ந்தபோது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை பிரிட்டிஷ் அரசு பொறுப்பேற்று வீடு சேர்க்க முடிந்தது என்றால், 1974இன் பாடம் அதற்கு ஒரு காரணம். காண்டோரும் அதே குழுமத்தில் இருந்தது. ஆனால் அது தப்பிப் பிழைத்துப் பறக்கிறது. தாமஸ் குக் இந்தியா 2012 முதலே வேறு உடைமையில் இருந்ததால் அதற்குச் சேதமில்லை.

பலாலித் தடம் ஏர் சிலோனோடும், பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போரோடும் அறுந்தது. 2019 அக்டோபர் 17இல் பலாலி யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இவை கால அட்டவணை விமானங்கள். ஆனால் கே.கே. நகரில் நான் அறிந்த ஒரு குருசாமி, யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு குழு டிக்கெட் எடுத்தார். அதே நோட்டு, அதே கோடு. இருக்கை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்: கடவுச்சீட்டு எண்.