நிரற்கட்டுப்படுத்தியின் தோற்றமும் வளர்ச்சியும்

புதுக்கருவியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனை ஆக்கியோன் பெயரையும் ஆண்டையுங் கூறி அமைதல் பெருவழக்கு. அக்கருவி ஏன் நிலைத்தது, அதனோடு போட்டியிட்ட பிற கருவிகள் ஏன் பின்தங்கின என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. இன்று நீர் வழங்கும் நிலையங்களிலும், போத்தல் நிரப்பும் சாலைகளிலும், மோட்டார் வாகனங்களைப் பூட்டும் கூடங்களிலும் இயந்திரங்களை ஆளுகின்ற நிரற்கட்டுப்படுத்தியின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருவதாகும். பி.எல்.சி. என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இக்கருவியின் வெற்றிக்கு நுட்பச் சிறப்பு மட்டும் காரணமன்று. தொழிலாளர் முன்னரே அறிந்திருந்த மொழியை அது கைவிடாமையே தலையாய காரணம் என்பதை இக்கட்டுரை காட்ட முயலும்.

இக்கருவிக்கு முன்னர் அதன் இடத்தில் இருந்தது ரிலே எனப்படும் மின்காந்த ஆளி. 1830களிலே தந்தித் தொழிலோடு தொடங்கிய இதன் அமைப்பு மிக எளியது. ஒரு சுருளிலே சிறு மின்னோட்டம் பாயும்போது அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அதனால் வேறொரு சுற்றின் தொடுகைகள் மூடும் அல்லது திறக்கும். இரண்டு தொடுகைகளைத் தொடராக இணைத்தால் இரண்டும் மூடினாலன்றி மின் பாயாது. பக்கம்பக்கமாக இணைத்தால் ஒன்று மூடினும் பாயும். இவ்வமைப்புக்களை அளவையியற் கணிதத்தால் ஆராயலாம் என்பதை அமெரிக்கரான குளோட் சனன் 1937 ஆம் ஆண்டில் தம் பட்ட ஆய்விலே நிறுவினார். ஆகவே, ரிலேக்கள் நிறைந்த ஒரு பெட்டி உண்மையிலே கம்பிகளால் எழுதப்பட்ட தருக்கமே எனலாம்.

கம்பியால் எழுதியதை எளிதில் அழித்தெழுத இயலாது என்பதே இடர்ப்பாடு. அமெரிக்க மோட்டார்த் தொழிலிலே ஆண்டுதோறும் வாகனங்களின் அமைப்பை மாற்றும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அமைப்பு மாறும்போது இயந்திரங்களின் செயல்வரிசையும் மாற வேண்டும். அப்பொழுது நூற்றுக்கணக்கான ரிலேக்களைக் கொண்ட பெட்டிகளின் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்டுதல் அல்லது பெட்டியையே புறத்தே எறிந்து புதிது செய்தல் தவிர வேறு வழி இருக்கவில்லை. தொடுகைகள் தேய்வதும், தூசு படிவதும், பழுதான ஒன்றைத் தேடிப் பல மணி நேரம் கழிவதும் தொழிற்சாலைகளின் அன்றாடத் துன்பங்களாயின.

1968 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஐதரமற்றிக் பிரிவினர் ரிலேப் பெட்டிக்கு மாற்றான கருவியொன்றின் இலக்கணத்தை வகுத்து வெளியிட்டனர். தானியங்கிக் கியர்ப்பெட்டிகளைச் செய்த இப்பிரிவு மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி நகரில் இருந்தது. கருவியின் நிரலைத் தொழிற்சாலையிலேயே எளிதில் மாற்றக்கூடியதாதல் வேண்டும். பழுதான பகுதியைக் கழற்றி வேறொன்றைச் செருகக்கூடியதாதல் வேண்டும். ரிலேப் பெட்டியிலும் சிறிய இடத்தில் அடங்குதல் வேண்டும். விலையில் அதனோடு போட்டியிட வல்லதாதல் வேண்டும் என்பன அவர்கள் விதித்த நிபந்தனைகளுட் சில. கேட்டவர்கள் அறிஞர் கூடத்துக்கு உரிய ஒரு கணினியைக் கேட்கவில்லை. எண்ணெயும் தூசும் நிறைந்த தளத்திலே நின்று உழைக்கும் ஒரு கருவியையே கேட்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இதே ஆண்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பெட்போர்ட் அசோசியேற்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சட் மோர்லி என்பாரும் இத்தகைய கருவியொன்றைக் கருதிக்கொண்டிருந்தார். 1968 ஆம் ஆண்டின் முதல் நாளிலே அதன் அமைப்பைத் தாம் எழுதியதாக அவர் பின்னர் கூறினார். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் புதிது புதிதாகக் கட்டுப்பாட்டு முறை வகுத்துச் சலித்தமையே அதற்குத் தூண்டுகோல் என்பதும் அவர் கூற்று. அந்நிறுவனத்தின் 84 ஆவது பணியாதலின் கருவி 084 எனப் பெயர் பெற்றது. அதனைச் செய்து விற்கும் பொருட்டு மொடிக்கொன் என்னும் நிறுவனம் தோன்றியது. முதற் கருவிகளுள் ஒன்று 1969 ஆம் ஆண்டில் ஐதரமற்றிக் பிரிவுக்குச் சென்றது.

போட்டியில் வேறு நிறுவனங்களும் இருந்தன. கணினித் தொழிலிலே பெரும்புகழ் பெற்ற டிஜிற்றல் நிறுவனம் பி.டி.பி.-14 என்னும் கருவியைத் தந்தது. ஆயின் அதன் நிரல் கம்பிகளைப் பின்னி ஆக்கிய அழியா நினைவகத்திலே இருந்தது. நிரலை மாற்ற வேண்டின் அந்நினைவகத்தைப் புதிதாகப் பின்னுவிக்க வேண்டும். கம்பியிலிருந்து விடுதலை நாடியவர்க்கு மீண்டும் கம்பியே கிடைத்தது எனின் மிகையாகாது.

மொடிக்கொன் கருவியோ ஏணி வரைபடத்தை ஏற்றுக்கொண்டது. ரிலேச் சுற்றுக்களை வரைவதற்கு மின்சாரத் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாண்ட படம் அது. இரு பக்கமும் நெடுங்கோடுகள் மின்வழங்கும் கம்பிகளைக் குறிக்கும்; இடையே ஏணிப்படிகள் போன்ற குறுக்குக் கோடுகளிலே இடப்புறம் தொடுகைகளும் வலப்புறம் சுருளும் அமையும். அப்படத்தை அறிந்த தொழிலாளி கணினி மொழி எதனையும் கல்லாமலே புதுக்கருவியின் நிரலை வாசித்தான், திருத்தவும் செய்தான். அறிவு கணினி வல்லுநரின் மேசைக்குப் போய்விடாமல் இயந்திரத்தின் அருகே நிற்பவனிடமே நின்றது. இதுவே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

கருவியின் உடலமைப்பும் இந்நோக்கத்துக்கு இயைந்ததே. மின்வழங்கும் அலகு, நிரலை இயக்கும் மைய அலகு, உள்ளீட்டு அலகு, வெளியீட்டு அலகு என அது தனித்தனி மொடியூல்களாகப் பிரிக்கப்பட்டது. பொத்தானோ உணர்கருவியோ தரும் செய்தியை உள்ளீட்டு அலகு ஏற்கும். மோட்டரையும் வால்வையும் வெளியீட்டு அலகு இயக்கும். வெப்பம், அமுக்கம் போன்ற தொடர்ந்து மாறும் அளவுகளைப் பெறுவதற்கு 4 முதல் 20 மில்லியம்பியர் வரையுள்ள மின்னோட்டத்தை அளக்கும் அலகுகள் பிற்காலத்திலே பெருவழக்காயின. மைய அலகு உள்ளீடுகள் யாவற்றையும் வாசித்து, நிரலை முதற் படியிலிருந்து இறுதிப் படிவரை நடத்தி, வெளியீடுகளை மாற்றி, மீண்டும் தொடங்கும். இச்சுழற்சி முடிவின்றி நிகழும்; இக்காலக் கருவிகளில் ஒரு சுற்று முடிவதற்குச் சில மில்லிசெக்கன்களே போதும்.

1973 ஆம் ஆண்டிலே வெளிவந்த 184 என்னும் கருவி மொடிக்கொன் நிறுவனத்தை நிலைபெறச் செய்தது. அலன் பிரட்லி நிறுவனத்திலே ஆஸ்திரியாவிற் பிறந்த ஓடோ ஸ்ற்றுகர் இத்துறையை வளர்த்தார், பி.எல்.சி. என்னும் பெயரும் அவரோடு தொடர்புடையது. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1979 ஆம் ஆண்டிலே சிமற்றிக் எஸ்5 வரிசையை வெளியிட்டது. அதே ஆண்டில் மொடிக்கொன் வெளியிட்ட மொட்பஸ் முறை கருவிகள் தம்முட் பேசுதற்கு வழிவகுத்தது. 1993 ஆம் ஆண்டிலே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு ஐந்து நிரல்மொழிகளை நியமமாக வகுத்தபோது ஏணி வரைபடமும் அவற்றுள் ஒன்றாயிற்று.

ஆயினும் எளிதில் மாற்றலாம் என்னும் நன்மையே தீமைக்கும் வாயிலாயிற்று. 2010 ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்ட ஸ்ரக்ஸ்நெற் என்னும் கணினிப் புழு சீமென்ஸ் கட்டுப்படுத்திகளின் நிரலைக் களவாக மாற்றி, சுழல் இயந்திரங்களின் வேகத்தைக் குலைத்தது. மாற்றிய பகுதி பொறியியலாளரின் கண்ணிற் படாதவாறும் மறைத்தது. ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையமே அதன் இலக்கு என்பது அதனை ஆராய்ந்தோர் துணிபு. ரிலேப் பெட்டியிலே ஒருவன் கம்பியை மாற்றின் அது கண்ணுக்குப் புலனாகும். நினைவகத்திலே எழுதிய நிரலோ திரையிற் காட்டப்படுமளவே புலனாகும்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். இயந்திரத்தின் அருகே நிற்பவன் அதன் நிரலைத் தானே வாசித்தறிய முடிந்தமையால் 1969 ஆம் ஆண்டின் கருவி அவனது நம்பிக்கையைப் பெற்றது. அவன் வாசிப்பது ஒன்றும் இயந்திரம் நடத்துவது வேறொன்றும் ஆனபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. கருவிகள் மேலும் விரைவும் ஆற்றலும் பெறும் என்பதில் ஐயமில்லை. அவற்றின் நிரலை உள்ளவாறு வாசித்தறியும் உரிமையும் திறனும் தொழிலாளரிடம் நிலைத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.