இருட்டுல எடுத்த படமும் அந்தப் புள்ளிகளும்: ஊட்டி ஃபிலிம் முதல் ஐபோன் வரை

ஆடி மாசம் ராத்திரி நேரத்துல திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம் போனீங்கன்னா, சீரியல் பல்பு வெளிச்சத்துல எல்லார் கையிலயும் போன் இருக்கும். அந்த மாதிரி படங்கள் மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வரும்போது பெரிசு பண்ணிப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு, முகத்துல ரவை தூவின மாதிரி சிவப்பும் பச்சையுமா புள்ளிகள். இன்னொண்ணு, புள்ளியே இருக்காது, ஆனா பாட்டியோட முகம் மெழுகு பொம்மை மாதிரி வழவழன்னு இருக்கும். இந்த ரெண்டுக்கும் பின்னாடி இருக்கிற வரலாறுதான் இன்றைய எபிசோட்.

அந்தப் புள்ளிகளுக்குப் பேர் நாய்ஸ். லென்ஸ்ல இருக்கிற அழுக்குன்னு பலர் நினைக்கிறாங்க. அது அழுக்கு இல்லை, வெளிச்சப் பற்றாக்குறை. ஒளி, மழைத்துளி மாதிரி தனித்தனியாத்தான் சென்சார்ல விழுது. தூறல்ல ரெண்டு டம்ளரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா, ரெண்டுலயும் ஒரே அளவு தண்ணி சேராது. அடைமழைல வெச்சா வித்தியாசமே தெரியாது. 1918-ல் வால்டர் ஷாட்கி என்ற ஜெர்மன் இயற்பியலாளர், வால்வுக் குழாய்கள்ல ஓடுற மின்சாரத்துல இதே மாதிரியான சலனத்தை விளக்கினார். கணக்கு எளிது. 100 ஒளித்துகள் விழுந்தா, ஏறக்குறைய 10 கூடக் குறைய இருக்கும், அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தா அது 1 சதவீதம்தான். ஐஎஸ்ஓ-வை ஏத்துறதால வெளிச்சம் கூடாது. இருக்கிறதைச் சத்தமா ஒலிபரப்புற மாதிரிதான், இரைச்சலும் சேர்ந்தே பெரிசாகும்.

ஃபிலிம் காலத்துல இதுக்குப் பேர் கிரெயின். மங்கின வெளிச்சத்துல எடுக்கிற வேகமான ஃபிலிம்ல வெள்ளி உப்புப் படிகங்கள் பெரிசா இருக்கும், அதனால படத்துல சொரசொரப்பு தெரியும். நம்ம மாநிலத்துலயே ஃபிலிம் செஞ்சாங்க. 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், ஊட்டியில 1967-ல் உற்பத்தியை ஆரம்பிச்சது. பிராண்டு பேர் இந்து, அந்தப் பகுதிக்குப் பேரே இந்து நகர். டிஜிட்டல் வந்தபிறகு அந்த ஆலை எழுந்திருக்கவே இல்லை.

ஸ்டுடியோக்கள்ல அப்பவே ரெண்டு வழி இருந்தது. முதல் வழி, வெளிச்சத்தைக் கூட்டுறது. அதனாலதான் பெரிய பெரிய விளக்கு, "அசையாம இருங்க"ன்னு அதட்டல். ரெண்டாவது வழி டச்சப். நெகடிவ் மேலயே கூர்மையான பென்சிலால கை வேலை செஞ்சு, சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மறைச்சிடுவாங்க. அதாவது, சேர்க்கிறது ஒண்ணு, துடைக்கிறது ஒண்ணு. இன்னைக்கு போனுக்குள்ள நடக்கிறதும் இதே ரெண்டுதான்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில போனா ஸ்ரீபெரும்புதூர். அங்க நோக்கியா 2006-ல் தொழிற்சாலை திறந்து, 2014-ல் மூடிடுச்சு. அங்க அதிகம் செஞ்சது சாதாரண போன்கள்தான். ஆனா அதே நோக்கியா 2012-ல் 808 பியூர்வியூ என்ற போனை வெளியிட்டது. அதுல 41 மெகாபிக்சல் சென்சார். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பலதை ஒண்ணா சேர்த்து, 5 மெகாபிக்சல் படமாத் தரும். புள்ளிகள் சேரச் சேர நாய்ஸ் குறையும்.

அடுத்த யோசனை, புள்ளிகளுக்குப் பதிலா படங்களையே சேர்க்கிறது. வானியலாளர்கள் மங்கலான விண்மீனைப் பிடிக்க ரொம்ப நாளா செய்யுற வேலை இது. 16 படங்களைச் சராசரி எடுத்தா நாய்ஸ் நாலுல ஒரு பங்காகும். ஆனா கை ஆடும், ஆள் அசைவாங்க. அதையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருத்தி அடுக்குறதுதான் கஷ்டம். கூகுள்ல மார்க் லெவாயின் குழு 2013 வாக்குல ஹெச்டிஆர் பிளஸ் மூலமா இதை நெக்சஸ் போனுக்குக் கொண்டுவந்தது. 2018-ல் பிக்சல்ல வந்த நைட் சைட், 15 பிரேம் வரை எடுத்து ஒண்ணாக்கும். 2019-ல் ஐபோன் 11-ல் நைட் மோட் வந்தது. ஐபோன் வரிசையில நைட் மோட் வந்தது அதுலதான் முதல்ல. அடுத்த வருஷமே அந்த ஐபோன் 11, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில அசெம்பிள் ஆகத் தொடங்குச்சு.

சரி, அப்படின்னா மெழுகு முகம் எங்கேர்ந்து வருது? பிரேம் போதாதப்போ, போன் ரெண்டாவது வழிக்குப் போகுது. பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து, சமமாக்கிடுது. அதுக்குச் சுருக்கம் எது, நாய்ஸ் எதுன்னு எப்பவும் தெரியாது. இதுல நமக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு. கருமையான தோல் குறைவான ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். அதனால அங்க நாய்ஸ் அதிகம் தெரியும், துடைப்பும் அதிகம் விழும். ஃபிலிம் காலத்துலயே கோடாக், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை, ஷிர்லி கார்டு என்ற பேர்ல, லேப்கள்ல நிற அளவுகோலா வெச்சிருந்தது. கூகுள் 2021-ல் தான் ரியல் டோன்னு தனியா ஒரு முயற்சி எடுத்துச்சு. நம்ம தோலை நம்ம தோலாவே காட்டணும்ங்கிறதுக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

அதனால நான் சொல்றது இதுதான்: முதல்ல சேருங்க, அப்புறம் துடைங்க. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச நண்பரைப் படம் எடுக்கணும்னா, ரெண்டடி நகர்த்தி டீக்கடை டியூப்லைட்டுக்கு முன்னாடி நிறுத்துங்க. போனை ஒரு கம்பத்துல சாத்துங்க. ஜூம் வேண்டாம். நைட் மோட் முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் அசையாம இருங்க. எடிட் பண்ணும்போது லைட்ரூம்ல வண்ண நாய்ஸை முதல்ல குறைங்க, முகத்தோட அமைப்புக்கு அதனால பெரிய கேடு இல்லை. மத்த நாய்ஸ் ஸ்லைடரைக் கொஞ்சமா நகர்த்துங்க. கன்னத்துல இருக்கிற மயிர்க்கால் மறையத் தொடங்கினா அங்கேயே நிறுத்திடுங்க.

கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம் இருந்தா பரவாயில்லை. ஊட்டி ஃபிலிம்ல எடுத்த படத்துலயும் அது இருந்தது, யாரும் அந்த ஆல்பத்தைத் தூக்கிப் போடலை.