அகரத்தின் கோடு தொலைந்த கதை

மலாக்காவின் ஜாசின் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் படிக்கும் அண்ணன் மகள் நிரல் எழுதப் பழகுகிறாள். முதல் பயிற்சி, கொடுத்த சொல்லில் உயிர் எழுத்து எத்தனை என்று எண்ணுவது. மலாய்க்கு ஐந்தே எழுத்தைத் தேடினால் போதும். மாநிலப் பெயரை மலாயில் ‘Melaka’ என்று கொடுத்தாள், 3 வந்தது. தமிழில் ‘மலாக்கா’ என்று கொடுத்தாள். பூஜ்யம்.

“சித்தப்பா, கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியல!”

அவள் தேடச் சொன்னது அ முதல் ஔ வரை பன்னிரண்டை. ‘மலாக்கா’வில் அவை எதுவும் தனியாக நிற்கவில்லை. துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளையும் சேர்த்து எண்ணச் சொன்னேன், 2 வந்தது. ‘ம’வுக்குள் இருக்கும் அகரம் அப்போதும் சிக்கவில்லை. சிக்குவதற்கு அதற்கென்று ஒரு குறியும் இல்லையே!

ஒரு காலத்தில் இருந்தது. மதுரை அருகே மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் ஈராயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. அந்த முறையைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் விளக்கியிருக்கிறார்: வெறும் எழுத்து என்றால் மெய், அகரம் ஏறினால் ஒரு சிறு கோடு. ஆனால் ஆகாரத்துக்கும் அதே கோடுதான். இந்தக் குழப்பம் தீர, கோடு பின்னாளில் ஆகாரத்துக்கே போனது. வெறும் எழுத்து மெய்யா, அகரம் ஏறியதா என்பது படிப்பவர் பாடு. அதைத் தீர்க்க வந்ததுதான் புள்ளி. மெய் புள்ளி பெற்றது. அகரம் குறியில்லாமலே நின்றுவிட்டது. ஓலையில் எழுதியவர்கள், குறில் எகரத்தையும் காட்டிவந்த அந்தப் புள்ளியை விட்டுவிட, எகரமா ஏகாரமா என்பதும் ஊகமானது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் கொம்பைச் சுழித்த பிறகுதான் குறிலும் நெடிலும் கண்ணுக்குத் தெரிந்தன.

கணினிக்கு வந்தபோதும் பழைய வழக்கமே தொடர்ந்தது. 1988-இன் இந்திய எழுத்துத் தரத்தை ஒட்டி 1991-இல் யூனிகோடு தமிழுக்கு இடம் தந்தது. அதில் ‘க’ என்ற குறியீட்டுக்குள்ளேயே அகரம் அடங்கியிருக்கிறது; புள்ளியோ வேறு உயிர்க்குறியோ சேர்ந்தால்தான் அது போகும். ஆகவே நம் கண்ணுக்கு நான்கெழுத்தான ‘மலாக்கா’, கணினிக்கு ம, ல, துணைக்கால், க, புள்ளி, க, துணைக்கால் என ஏழு. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்-16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. எண்ணுவதற்கு அதுவே சுலபம். ஆனால் நம் கைப்பேசிகளில் ஓடுவது யூனிகோடுதான்.

அவளுக்கு ஒரு வரி கூட்டச் சொன்னேன்: மெய்வரிசை எழுத்துக்குப் பின் உயிர்க்குறியும் இல்லை, புள்ளியும் இல்லை என்றால் ஓர் அகரம் சேர். 3 வந்தது. இப்போதுதான் இரண்டு மொழிக்கும் கணக்கு ஒத்துப்போனது.

நீங்களும் முயன்று பாருங்கள்; ‘கோலாலம்பூர்’ கொடுங்கள். சரியான விடை 4. 5 வந்தால், ‘கோ’வின் கொம்பும் காலும் இரண்டு குறியீடாகப் பிரிந்து பதிவாகியிருக்கிறது, முதலில் அவற்றை ஒன்றாக்கிவிட்டு எண்ணுங்கள்.