சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில ஓடுது? தேனூரின் கதை

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். மீனாட்சி அம்மன் தேரோட்டம் நடக்கிறது சித்திரை மாசம். ஆனா தேர் சுத்தி வர்றது நாலு மாசி வீதிகள்ல. கோயிலுக்குப் பக்கத்துலேயே சித்திரை வீதின்னு தனியா இருக்கும்போது, ஏன் அப்படி?

மதுரையோட வீதிப் பெயர்கள் ஒரு பழைய காலண்டர் மாதிரி. எந்த மாசத் திருவிழாவுக்கு சாமி எந்த வீதியில வந்ததோ, அந்த மாசமே வீதிக்குப் பெயர் ஆயிடுச்சு. அப்போ பெரிய தேர் ஒரு காலத்துல மாசி மாசம்தான் ஓடியிருக்கணும். அப்புறம் விழா மாசம் மாறிடுச்சு, வீதியோட பெயர் மட்டும் மாறல.

சரி, அப்போ சித்திரையில என்ன நடந்துச்சு? அழகர்மலையிலேர்ந்து கள்ளழகர் கிளம்பி வைகைக்கு வந்தார். ஆனா மதுரைக்கு இல்ல, தேனூருக்கு.

திண்டுக்கல் ரோட்டுல ஃபாத்திமா காலேஜ், விளாங்குடி, பரவை எல்லாம் தாண்டிப் போனா சமயநல்லூர் வரும். அதுக்குப் பக்கத்துல வைகைக் கரையில இருக்கிற ஊர்தான் தேனூர். இன்னைக்குப் பார்த்தா வயலும் தோப்புமா ஒரு சாதாரண கிராமம். ஆனா வயசு ரொம்பப் பெருசு. சங்க இலக்கியமான ஐங்குறுநூறுல, ஓரம்போகியார் பாடின மருதத் திணைப் பாடல்கள்ல தேனூர் பெயர் வருது. பாண்டியன் நாட்டுல, கோடையிலகூட குளிர்ந்த தண்ணி ஓடுற ஊர்ன்னு சொல்றார். 2009ல இதே ஊர் மண்ணுக்குள்ள இருந்து தமிழ் பிராமி எழுத்து பொறிச்ச தங்கக் கட்டிகள் கிடைச்சுது. அதுல ‘கோதை’ன்னு ஒரு பெயரும் இருந்துச்சு.

இங்க அழகர் வந்ததுக்கு ஒரு புராணக் கதை இருக்கு. சுதபஸ் முனிவர் தீர்த்தமாடிக்கிட்டு இருந்தப்போ துர்வாசர் வந்ததைக் கவனிக்கல. கோபம் வந்த துர்வாசர், தவளையாப் போகச் சொல்லிச் சபிச்சுட்டார். ‘வைகைக் கரையில தவம் இரு, அழகர் வந்து விமோசனம் தருவார்’னு வழியும் சொன்னார். அவர்தான் மண்டூக மகரிஷி. கவனிங்க, இந்தக் கதையில தங்கச்சி கல்யாணமே கிடையாது!

17ஆம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் வர்றார். 1623லேர்ந்து 1659 வரைக்கும் ஆட்சி. திருச்சியில இருந்த தலைநகரத்தை மறுபடி மதுரைக்குக் கொண்டு வந்தவர். மாசியில நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாத்தி, தேனூருக்குப் போன அழகரை மதுரைக்கு வரவச்சு, ரெண்டையும் ஒரே விழாவா இணைச்சார்ங்கிறதுதான் காலங்காலமா சொல்லப்படுற வரலாறு. அறுவடை முடிஞ்சு ஜனங்க கையில நேரம் இருக்கும், தேர் இழுக்க ஆள் கிடைக்கும்னு ஒரு காரணம் சொல்றாங்க. சைவமும் வைணவமும் ஒண்ணாச் சேரணும்னு இன்னொரு காரணம். தலைநகரத்துல கூட்டம் கூடினா அது ராஜாவுக்கும் பெருமைதானே!

ரெண்டு விழா சேர்ந்ததும், அதைக் கோக்க ஒரு கதை தேவைப்பட்டுச்சு. தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பின அண்ணன், தாமதமா வந்ததால கோவிச்சுக்கிட்டு ஆத்தோட திரும்பிப் போயிடறார். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச இந்தக் கதை சாஸ்திரத்துலேர்ந்து வரல, ஜனங்க வாயிலேர்ந்து வந்தது. பேராசிரியர் தொ. பரமசிவன் தன்னோட ‘அழகர் கோயில்’ ஆய்வுல இந்த மாதிரி நாட்டார் நம்பிக்கைகளைத்தான் வரலாற்றுச் சான்றா எடுத்துப் பேசினார்.

இதுல தேனூருக்கு என்ன ஆச்சு? வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே நிறையுற திருவிழா கைவிட்டுப் போச்சு. ஒரு சின்ன ஊருக்கு அது சாமி மட்டும் இல்ல. சந்தை, சொந்தபந்தம், மரியாதை எல்லாம்தான். ஆனா தேனூர்க்காரங்க உரிமையை முழுசா விட்டுடல. ஆத்துல இறங்கின மறுநாள், வண்டியூர் பக்கம் வைகைக்குள்ள ஒரு மண்டபத்துல கருட வாகனத்துல அழகர் மண்டூகருக்கு விமோசனம் கொடுப்பார். அந்த மண்டபத்துக்குப் பெயரே தேனூர் மண்டபம். தேனூர்க்காரங்களுக்கு அங்க மரியாதை உண்டு. ஊர் நகரத்துக்கு மேற்கே, மண்டபம் கிழக்கே. ஆனாலும் பெயர் அழியல.

மாறினது ஊர் மட்டும் இல்ல, ஆறும்தான். கோடையிலயும் தண்ணி ஓடின வைகையில, இன்னைக்கு அழகர் இறங்கணும்னா 1959ல திறந்த வைகை அணையிலேர்ந்து தண்ணி விடணும். விளாங்குடி 2011ல மாநகராட்சிக்குள்ள வந்துடுச்சு. நகரம் அதே ரோட்டுல மேற்கே நகர்ந்துக்கிட்டே இருக்கு. ஒரு காலத்துல மதுரை தேனூர்கிட்ட இருந்து திருவிழாவை வாங்கிச்சு. இனி வயலையும் வாங்கும்போல. வாங்கினது யார்கிட்டேர்ந்துன்னு ஞாபகம் வச்சுக்கிற பொறுப்பு நகரத்துல இருக்கிற நமக்குத்தான்.

அடுத்த சித்திரையில ஆத்துல இறங்கறதைப் பார்த்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடாதீங்க. மறுநாள் தேனூர் மண்டபத்துக்கும் ஒரு எட்டு போய் வாங்க. உங்க ஊர் வீதிப் பெயருக்குப் பின்னாடி என்ன கதை இருக்கு? கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.