புக்கித் தீமாக் காட்டின் எல்லை

காட்டை அழிக்கக் கோடரி ஒன்றே போதும். காப்பதற்கோ முதற்கண் எல்லை வேண்டும். எது காடு, அஃது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று வரையறுக்காவிடின் காடு கேட்பாரற்ற பொருளாகிவிடும். எல்லை வரைந்தால் மட்டும் போதுமா? இவ்வினாவுக்குச் சிங்கப்பூரின் புக்கித் தீமாக் குன்று விடை கூறுகிறது.

1854-ஆம் ஆண்டில் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் இப்பகுதியில் தங்கி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில் கிடைத்தவை. அந்நாளிலேயே கம்பீர், மிளகுத் தோட்டங்கள் தீவின் காடுகளை விழுங்கிக்கொண்டிருந்தன. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்கு மேலும் காடு வேண்டும். மண் சாரமிழந்ததும் பயிரிட்டோர் வேறிடம் பெயர்ந்தனர். கைவிட்ட நிலத்தில் லாலான் புல் மண்டியது.

தமிழர் பூமலை என வழங்கும் தாவரவியற் பூங்காவின் மேற்பார்வையாளராயிருந்த நதானியேல் கான்ட்லி, காடுகளின் நிலையை ஆராய்ந்து 1883-இல் அறிக்கை அளித்தார். அவர் பரிந்துரைப்படி காப்புக்காடுகள் வகுக்கப்பட்டன. இங்கு ஒரு வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். பிற காப்புக்காடுகளில் மரம் வெட்டப்பட்டது. புக்கித் தீமாவோ செடிகொடிகளையும் உயிரினங்களையும் பேணுவதற்கென்றே வைக்கப்பட்டது. 1937-க்குள் காப்புக்காடுகள் பெரும்பாலும் தேய்ந்தொழிந்தன. புக்கித் தீமா நிலைத்தது. எல்லை எல்லாவற்றுக்கும் இருந்தது, நோக்கமே வேறு.

1951-இல் இயற்கைக் காப்பிடச் சட்டமும் துணைக்கு வந்தது. ஆயினும் 1980-களில் அமைந்த விரைவுச்சாலை, அண்டையிலுள்ள நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து இக்குன்றைத் துண்டித்தது. விலங்குகள் கடந்து செல்லச் சாலைக்கு மேலே மரஞ்செடிகள் நட்ட பாலம் அமைந்தது 2013-இல்தான். வெட்டுவது எளிது, இணைப்பது அரிது.

எல்லைக்குள் இருப்பதையும் அறிந்தாலன்றிக் காவல் நிறைவுறாது. 1993-இல் ஆய்வாளர் இக்காட்டில் 2 ஹெக்டேர் நிலத்தை அளந்தனர். 1 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கன்று முதல் ஓங்கிய சராயா மரம் வரை, ஒவ்வொன்றும் நிற்குமிடத்தை வரைபடத்தில் குறித்தனர். மீண்டும் மீண்டும் அளக்குந்தோறும், எது வளர்ந்தது, எது மடிந்தது என்பது விளங்குகிறது.

இக்காப்பிடத்தின் பரப்பு ஏறத்தாழ 163 ஹெக்டேர். அதனுள்ளும் தொல்காடு ஒரு பகுதியே. பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டி மறுநடவு செய்வது தோட்டத்து வழக்கம். தொல்காட்டுக்கு அத்தகைய மறுநடவு இல்லை.