கடைசிப் படியில் ஒரு கலைஞர்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் பழமும் பாத்திரமும் தீட்டியவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அது ஷார்தேனோடு முடிந்துவிடும். அவருக்குப் பின் வந்த ஆன் வலாயே-கோஸ்தேரை (1744–1818) 'அரசியின் பூ ஓவியர்' என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். மரீ அந்துவானெத்தின் தயவால் மேலே வந்தவர் என்பது அதன் உட்பொருள். தேதிகளைப் பார்த்தால் இது நிற்காது. பொற்கொல்லரின் மகளான வலாயே பாரிஸின் ராஜாங்க ஓவிய அகாடமியில் உறுப்பினரானது 1770 ஜூலை 28. மரீ அந்துவானெத் ஆஸ்திரியாவிலிருந்து மணப்பெண்ணாக வந்து சேர்ந்ததே அந்த ஆண்டு மே மாதம்தான். அப்போது வயது 14, அரசியானது 1774-இல். ஆகவே அகாடமிக்காரர்கள் எடைபோட்டது அவர்கள் முன் வைக்கப்பட்ட ஓவியங்களைத்தான். அவற்றில் இரண்டு இன்று லூவ்ரில் இருக்கின்றன: ஒன்றில் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகியவற்றின் கருவிகள், மற்றொன்றில் இசைக்கருவிகள்.

சரி, அசையாப் பொருள்களைத் தீட்டியது அவராக விரும்பிச் செய்ததா, வேறு வழியில்லாமல் செய்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1667-இலேயே கலைக் கோட்பாட்டாளர் ஃபெலிபியான் ஓவிய வகைகளைத் தரம் பிரித்து, புராண, வரலாற்றுக் காட்சிகளை உச்சியிலும் உயிரற்ற பொருள்களை அடியிலும் வைத்துவிட்டார். உச்சிக்குப் போக மனித உடலை நேரில் பார்த்து வரைந்து பழக வேண்டும். ஆடையற்ற மாடலை வரையும் அகாடமி வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. கட்டாயம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சிய வழிகளில் பெண்கள் வழக்கமாகப் போனது உருவப்படம், சிற்றோவியம், பாஸ்டல் பக்கம். வலாயேயோ எண்ணெய் வண்ணத்தில் பெரிய திரைகளை எடுத்துக்கொண்டார்; அதிலும் கலைகளையே பொருளாக்கினார். வகுப்பறை மறுத்த மனித உடல், கலைகளின் படத்தில் ஒரு சிற்ப முண்டமாக நடுவே நிற்கிறது. இதை வேண்டுமென்றே செய்தாரா என்று நிரூபிக்க முடியாது. தற்செயல் என்று நம்பவும் எனக்கு மனம் வரவில்லை.

ஷார்தேனின் நகல் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கருப்பொருள் அவருடையதே, 1760-களில் அவரும் இதே 'கலைகளின் சின்னங்களை'த் தீட்டியிருந்தார். வண்ணத்தை அப்பி, விளிம்புகளைக் கரையவிடுவது அவர் பாணி. வலாயேயின் பீங்கானும் வெள்ளியும் விளிம்பு கூர்ந்து பளபளக்கின்றன. பொற்கொல்லர் வீட்டுக் கண் என்று சொல்லத் தோன்றுகிறது.

அரசியின் ஆதரவு பிறகு வந்தது, தாராளமாகவே வந்தது: லூவ்ரில் குடியிருப்பு, 1781-இல் வழக்கறிஞர் கோஸ்தேரை மணந்தபோது ஒப்பந்தத்தில் அரசியின் கையொப்பம். ஆனால் அரண்மனையின் கை அகாடமி வாசலில் வெளிப்படையாகத் தெரிந்தது 1783-இல், இன்னொரு பெண் ஓவியரான விஜே லெ ப்ரன் நுழைந்தபோது. கணவர் ஓவிய வியாபாரி என்ற தடையைத் தாண்ட அவருக்கு அரச ஆணை தேவைப்பட்டது. அவர் காட்டியது உயர்ந்த வகையைச் சேர்ந்த உருவகக் காட்சி. கடைசிப் படியிலிருந்து வந்த வலாயேக்கு அப்படி எந்த ஆணையும் தேவைப்படவில்லை.