கொச்சபாம்பா மக்களுக்கு இடமில்லாத வழக்கு



ஓர் ஊரின் குடிநீரைப் பற்றி ஒரு வழக்கு. அந்த ஊர் மக்கள், "நாங்களும் பேச வேண்டும்" என்று மனுப் போடுகிறார்கள். உங்களை உள்ளே விடும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்கிறார்கள் நடுவர்கள். 2003 ஜனவரியில் இது நடந்தது.

தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் மலைநகரம் கொச்சபாம்பா. தண்ணீர்ப் பஞ்சம் அங்கே புதிதல்ல. குழாய் வராத குடியிருப்புகளில் மக்களே சங்கம் அமைத்து, காசு போட்டுக் கிணறு தோண்டிக்கொண்டார்கள். 1999 செப்டம்பரில் அரசாங்கம் நகரின் நீர் விநியோகத்தை 40 ஆண்டுகளுக்கு அகுவாஸ் டெல் துனாரி என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஏலத்தில் நின்றதே அந்த ஒரு நிறுவனம்தான். அதன் பின்னால் அமெரிக்காவின் பெக்டெல் முதலிய பெரும் நிறுவனங்கள் இருந்தன. நீர் விநியோகத்தைத் தனியாரிடம் விடும்படி உலக வங்கி வற்புறுத்தி வந்த காலம் அது.

2000 ஜனவரியில் கட்டணம் ஏறியது. சில வீடுகளுக்கு இரண்டு மடங்கு. புதிய சட்டத்தால் சொந்தக் கிணறும் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் வேறு. தொழிலாளர்கள், விவசாயிகள், இல்லத்தரசிகள் எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். காலணித் தொழிற்சாலைத் தொழிலாளியான ஆஸ்கார் ஒலிவேரா முன்னின்றார். ஏப்ரலில் அதிபர் ஹுகோ பான்சர் அவசரகாலம் பிரகடனம் செய்தார். துப்பாக்கிச் சூட்டில் 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். சில நாட்களில் அரசாங்கம் பணிந்தது, நிறுவனம் வெளியேறியது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 2001 நவம்பரில் நிறுவனம் இழப்பீடு கேட்டு, வாஷிங்டனில் உள்ள முதலீட்டுத் தகராறு தீர்வு நிலையத்துக்குப் போனது. அந்த நிலையம் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் கூட அதில் உறுப்பினர்கள்தாம். வழக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது நெதர்லாந்துக்கும் பொலிவியாவுக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தம். நிறுவனத்தின் உரிமை 1999 இறுதியில் நெதர்லாந்து நிறுவனங்களின் கைக்கு மாற்றப்பட்டிருந்தது. அமெரிக்கப் பணம், பொலிவியத் தண்ணீர், நெதர்லாந்து ஒப்பந்தம்! கேட்கவே தலை சுற்றுகிறதல்லவா?

வாதாடியவர்கள் நிறுவனமும் அரசாங்கமும் மட்டுமே. மக்களைச் சுட்ட அரசாங்கமே அங்கே மக்கள் சார்பில் பேசும் என்றால் யார் நம்புவார்கள்? 2002 ஆகஸ்டில் ஒலிவேராவும் போராட்டக் குழுவினரும் மனுச் செய்தார்கள். எங்களையும் தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் விசாரணைக்கு வரவும் எழுத்து மூலம் வாதம் தரவும் விடுங்கள். ஆவணங்களை வெளியிடுங்கள் என்பது கோரிக்கை. நடுவர் குழுத் தலைவர் டேவிட் கேரன் கடிதத்தில் பதில் அனுப்பினார். இரு தரப்பின் சம்மதத்தில் நடக்கும் விசாரணை இது. அவர்கள் இசையாமல் கதவைத் திறக்க முடியாது என்பது அதன் சாரம். சட்டப்படி அவர் சொன்னதில் தவறு காண்பது எளிதல்ல. தவறு அந்தச் சட்டத்தை எழுதியவர்களுடையது என்பது என் கருத்து.

உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே குரல் எழுப்பினார்கள். 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் அமைப்புகள் அவர்களோடு சேர்ந்துகொண்டன. வழக்கை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2005 அக்டோபரில் நடுவர்கள் பெரும்பான்மையாக முடிவு செய்தார்கள். ஆயினும் 2006 ஜனவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. பெக்டெல் தரப்பு தன் பங்குகளை 2 பொலிவியானோவுக்குக் கொடுத்தது. அன்றைய மதிப்பில் ஒரு ரிங்கிட் கூடப் பெறாது.

அதே ஆண்டு ஏப்ரலில் நிலையத்தின் விதிகள் திருத்தப்பட்டன. வழக்கில் சேராதவர்களும் எழுத்து மூலம் கருத்துத் தர இடம் கிடைத்தது. கவனியுங்கள், அதை ஏற்பதும் மறுப்பதும் நடுவர்கள் விருப்பம். விசாரணை அறைக்குள் மற்றவர் வருவதை இரு தரப்பில் எவரும் தடுக்கலாம். பொலிவியா அதற்கும் காத்திருக்கவில்லை. 2007-இல் அந்த நிலையத்திலிருந்தே விலகிக்கொண்டது.